இரண்டு அவுட் தூரத்தில் போன கோப்பை: ஸ்காபரோ வாசகருக்குப் பதில்

கேள்வி: வணக்கம் டொக்டர். எனக்கு 41 வயது, ஸ்காபரோவில் இருக்கிறேன். 1993இல் ஜோ கார்ட்டர் பந்தை மதிலுக்கு வெளியே அடித்து, அந்த ஹோம் ரன்னால் புளூ ஜேய்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்கு ஓடினார், கீழே தெரு முழுக்க ஹோர்ன் சத்தம். அப்பா காலமாகி நான்கு வருடம். 2025 நவம்பர் 1 இரவு, லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸுக்கு எதிராகப் புளூ ஜேய்ஸ் ஆடிய வேர்ல்ட் சீரிஸ் இறுதித் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தை என் பத்து வயது மகனோடு இருந்து பார்த்தேன். நாங்கள் முன்னிலையில் இருக்க, கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவது தொடங்கியதும், "அப்பப்பா எனக்குக் காட்டினதை இப்ப நான் உனக்குக் காட்டப்போறன், பார்" என்று அவனுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் டொட்ஜர்ஸின் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்துவிட்டார். ரிமோட்டைச் சுவரில் எறிந்தேன், அந்தப் பந்தை எறிந்த எங்கள் பிட்சர் ஹொஃப்மனைச் சொல்லக்கூடாத வார்த்தைகளால் திட்டினேன். மகன் பயந்து அழுதுகொண்டு மாடிக்குப் போய்விட்டான். இன்றைக்கும் படுக்கப்போனால் போனில் அந்த ஒரு பந்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நெஞ்சு படபடக்கிறது, பிரஷருக்கு ஏற்கனவே மாத்திரை எடுக்கிறேன். மனைவி, "ஒரு பந்து விளையாட்டுக்குப் போய் இப்படியா" என்கிறா. புது சீசன் தொடங்க இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. பேஸ்போல் பார்ப்பதையே விட்டுவிடட்டுமா? இது ஏதும் நோயா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இது நோய் இல்லை. ஆனால் இப்படியே விட்டால் நித்திரையையும் பிரஷரையும் கெடுக்கக்கூடிய ஒரு பழக்கம் இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை வெட்டலாம், அவ்வளவு கஷ்டமும் இல்லை.

உங்கள் மனைவி சொன்னதில் அக்கறை இருக்கிறது, ஆனால் அதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஒரு சீசனில் 162 ஆட்டம். வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை ஏறக்குறைய ஒவ்வொரு மாலையும் அந்தக் குரல்கள் உங்கள் வீட்டு ஹோலில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. 2024இல் 74 வெற்றியோடு பிரிவில் கடைசி இடத்தில் கிடந்த அணி, அடுத்த வருடமே 94 வெற்றியோடு முதலிடத்துக்கு வந்து, யாங்கீஸை வென்று, சியாட்டிலை வென்று, வேர்ல்ட் சீரிஸில் 3-2 என்று முன்னிலையோடு ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்தது. அதில் மனசு வைத்த ஒருவருக்கு அது போனால் வலிக்கத்தான் செய்யும். வலிக்கவில்லை என்றால்தான் யோசிக்கவேண்டும்.

ஆனால் ஏன் *இப்படி* வலிக்கிறது? அன்றைக்கு ஜேய்ஸ் முதல் இன்னிங்ஸிலேயே ஆறு ரன் கொடுத்து 10-0 என்று தோற்றிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் வந்திருக்காது. ஒரு கிழமை முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்திருப்பீர்கள், அப்புறம் ஹொக்கி சீசனுக்குள் போயிருப்பீர்கள். கடைசி நேரத்தில் முன்னிலை கைநழுவுவது வேறு வகை வலி. டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிய கட்டுரையிலிருந்து உளவியலில் எல்லோரும் பேசும் ஒரு விஷயம் இருக்கிறது. கிடைக்கிற ஒன்று தரும் சந்தோஷத்தைவிட, அதே அளவான ஒன்றை இழப்பது மனிதருக்குக் கூடுதலாக உறைக்கிறது, ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அவர்களே பிறகு கணக்குச் சொன்னார்கள். இதில் கவனிக்கவேண்டியது, எதை நாம் "என்னுடையது" என்று கணக்கில் எழுதிக்கொள்கிறோம் என்பது. எட்டு இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையில் இருக்கிற அணி நூற்றுக்குச் சுமார் 95 தடவை வெல்கிறது. பல வருடம் ஆட்டம் பார்த்த உங்கள் மூளைக்கு அது தெரியும், யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதனால் 4-3 என்று ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கியபோதே கோப்பையை அது உங்கள் பெயரில் எழுதிவிட்டது. போதாததற்கு நீங்கள் அதை மகனிடம் வாய்விட்டும் சொல்லிவிட்டீர்கள். அந்தக் கணத்திலிருந்து, இதற்கப்புறம் நடப்பது எதுவும் தோல்வியாகத் தெரியாது, பறிப்பாகத்தான் தெரியும்.

இதற்குச் சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ரோஹாஸ் அடித்தபோது ரிமோட்டை எறிந்தீர்கள் அல்லவா, அப்போது ஸ்கோர் என்ன? 4-4. ஜேய்ஸ் தோற்கவே இல்லை! சமநிலை. சொந்த மைதானம், ஒன்பதாவதின் கீழ்ப்பாதி, அதாவது ஜேய்ஸ் அடிக்கும் முறை, இன்னும் கையில் இருந்தது. ஒரு சமநிலையை உங்கள் உடம்பு மரணச் செய்திபோல வாங்கிக்கொண்டது.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர்களின் முகங்களை வைத்து மெட்வெக், மேடி, கிலோவிச் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வு செய்து 1995இல் வெளியிட்டார்கள். வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்கள் சந்தோஷமாகத் தெரிந்தார்கள். வெண்கலக்காரர் கீழே பார்த்து, "ஒன்றுமே இல்லாமல் போயிருக்கும்" என்று நினைக்கிறார். வெள்ளிக்காரர் மேலே பார்த்து, "இன்னும் கொஞ்சம்தானே" என்கிறார். இரண்டு அவுட் எடுத்திருந்தால் கோப்பை என்ற நிலையில் நின்ற அணியின் ரசிகருக்கு அந்த "இன்னும் கொஞ்சம்" எவ்வளவு கூர்மையாக இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பேஸ்போலுக்கே உரிய ஒரு கொடுமையும் உண்டு. இங்கே கடிகாரம் உங்களைக் காப்பாற்றாது. ஹொக்கியில் முன்னிலை இருந்தால் பக்கைத் தூரமாய் அடித்து நேரத்தைக் கடத்தப் பார்க்கலாம், அதிலும் 2013 மே மாதம் பொஸ்டனில் எங்கள் ஹொக்கி அணி லீஃப்ஸ் கடைசி, மூன்றாவது பகுதியில் 4-1 என்று இருந்து 5-4 என்று தோற்றது இந்த நகரத்தில் யாருக்கும் மறக்கவில்லை, அது வேறு கதை. பேஸ்போலில் 27ஆவது, அதாவது கடைசி அவுட்டையும் எறிந்துதான் எடுக்கவேண்டும். எதிரணியின் ஒன்பதாம் இடத்து ஆட்டக்காரருக்கும் மட்டைக்கு எட்டுகிற பந்தை எறிந்தே ஆகவேண்டும். 2022இல் சியாட்டிலுக்கு எதிராக 8-1 என்ற முன்னிலை 10-9 என்று தோல்வியானதும் இப்படித்தான், இதே மைதானத்தில். ஆட்டத்தின் அமைப்பே அப்படி. உங்கள் நெஞ்சு படபடப்பது கோழைத்தனம் இல்லை, ஆட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டிருப்பதுதான்.

இனி அந்தப் போன் விஷயம். ஒவ்வொரு இரவும் அந்தப் பந்தைப் பார்க்கும்போது, இந்த முறையாவது அது இடது பக்க மதிலுக்கு முன்னால் விழாதா என்று ஒரு மூலையில் எதிர்பார்ப்பு இருக்கும். மூளை அந்தச் சில விநாடிக்குள் வேறு முடிவைத் தேடுகிறது, கிடைப்பதில்லை, அதனால் மறுபடி தேடுகிறது. இப்படி ஒன்றையே அசைபோடுவது துக்கத்தைக் கரைக்காது, நீட்டத்தான் செய்யும் என்பதில் எங்கள் துறையில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. அதோடு படுக்கையில் பார்த்தால் படுக்கையே அந்தத் தோல்வியின் இடமாகிவிடும், தலையணையில் தலை வைத்ததுமே நெஞ்சு அடிக்கத் தொடங்கும். இன்று இரவிலிருந்து போன் படுக்கையறைக்குள் வரக்கூடாது. சார்ஜரைக் குசினியில் வையுங்கள். பார்க்கவேண்டும் என்ற அரிப்பு வந்தால் அதற்கு மாலை ஆறு மணிக்கு ஒரு கால்மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள், அந்த நேரத்தில் மேசையில் இருந்து ஒரு கொப்பியில் மனதில் இருப்பதை எல்லாம் எழுதலாம், திட்டலாம், அழவும் செய்யலாம், ஆம்பிளை அழக்கூடாது என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பிவையுங்கள். நேரம் முடிந்ததும் கொப்பியை மூடுங்கள். இரண்டு மூன்று கிழமையில் நித்திரை திரும்பத் தொடங்கும்.

அந்தத் துண்டு வீடியோ உங்களிடம் இன்னொரு பொய்யும் சொல்கிறது: ஒரே ஒரு மனிதரால் எல்லாம் போனது என்று. ஜெஃப் ஹொஃப்மன் அன்றிரவே, தன்னால்தான் எல்லோருக்கும் சாம்பியன் மோதிரம் கிடைக்காமல் போனது என்று தானாகவே சொன்னார், கமெராக்களுக்கு முன்னால். அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு பிசைந்தது. ஆனால் ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். மூன்றாவது இன்னிங்ஸில் ஜேய்ஸின் பிஷெட், டொட்ஜர்ஸின் ஓதானி எறிந்த பந்தில் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தபிறகு, மிச்ச இன்னிங்ஸ் எல்லாவற்றிலும் சேர்த்து ஜேய்ஸ் எடுத்தது ஒரே ஒரு ரன். எட்டாவதில் டொட்ஜர்ஸின் மன்சி ஹோம் ரன் அடித்தது வேறொரு ஜேய்ஸ் பிட்சரின் பந்தை. ஒன்பதாவதின் கீழ்ப்பாதியில் ஒரு அவுட்டோடு மூன்று பேஸிலும் ஜேய்ஸ் ஆட்கள் நின்றார்கள், ஒரு ரன் வந்தால் வெற்றி; வார்ஷோ அடித்த பந்தை எடுத்து, தடுமாறிக்கொண்டே ஹோம் பிளேட்டுக்கு எறிந்து ஓட்டக்காரரைத் தடுத்தவரும் அதே ரோஹாஸ்தான், அதுவும் மயிரிழையில். அடுத்து கிளமென்ட் தூக்கி அடித்ததை ஆண்டி பாஹெஸ் தன் அணிக்காரர்மீதே மோதிக்கொண்டு பிடித்தார். பதினோராவதில் வில் ஸ்மித்தின் ஹோம் ரன்னால் டொட்ஜர்ஸ் 5-4 என்று முந்தியது, பிறகு ஜேய்ஸின் கேர்க் அடித்த பந்தில் டபிள் பிளே, ஒரே அடியில் இரண்டு அவுட், ஆட்டம் முடிந்தது. இத்தனையும் ஹொஃப்மன் எறிந்த ஒரு பந்துக்குள் அடங்குமா?

பொஸ்டன் ரெட் சொக்ஸின் பில் பக்னரை நினைக்கிறேன். 1986 வேர்ல்ட் சீரிஸில் மெட்ஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் பத்தாவது இன்னிங்ஸ், 5-3 முன்னிலை, இரண்டு அவுட், பேஸில் ஒருவரும் இல்லை, பொஸ்டன் அப்படி ஒரு இடத்திலிருந்து தோற்றது. பந்து பக்னரின் கால்களுக்கிடையில் போனதைத்தான் உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது. அதற்கு முன்பே பிட்சர் தவறாக எறிந்த பந்தில் ஸ்கோர் சமமாகிவிட்டது. அதற்குப் பிறகு ஏழாவது ஆட்டம் ஒன்று இருந்தது, அதிலும் பொஸ்டன் 3-0 என்று முன்னிலை எடுத்து 8-5 என்று தோற்றது. 2,700க்கும் மேல் ஹிட் அடித்த மனிதர் அவர். கொலை மிரட்டல்கள் வந்தன. 2008இல் ஃபென்வே பார்க்கில் முதல் பந்தை எறிய வந்தபோது முழு மைதானமும் எழுந்து நின்று கை தட்டியது, அவர் கண்ணைத் துடைத்தார். 22 வருடம் எடுத்தது அந்த நகரத்துக்கு. ஹொஃப்மன் விஷயத்தில் உங்கள் வீட்டுக்கு அவ்வளவு காலம் வேண்டாம். மகன் கேட்க அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள், அதுவே போதும்.

சரி, இப்போது எனக்கு முக்கியமாகப் பட்டதற்கு வருகிறேன். பேஸ்போலைப் பற்றித் தொடங்கிய கடிதத்தில் நீங்கள் முதல் ஞாபகமாகச் சொன்னது உங்கள் அப்பாவை. ஒன்பதாவது இன்னிங்ஸில் மகனுக்குச் சொன்னதும் அப்பாவைத்தான். ரோஹாஸின் பந்து மதிலைத் தாண்டியபோது உங்களிடமிருந்து போனது கோப்பை மட்டுமில்லை. அப்பா உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த இரவை, அவர் இல்லாத இந்த வீட்டில், அவருடைய பேரனுக்கு இன்னொருமுறை நடத்திக் காட்ட நினைத்தீர்கள். 32 வருடமாக வராத வாய்ப்பு வந்தது, இரண்டு அவுட் தூரத்தில் போய்விட்டது. நான்கு வருடத்துக்கு முந்திய இழவு ஒன்று அந்த இரவில் மறுபடி வாசலுக்கு வந்திருக்கிறது. அன்றிரவு கடிகாரத்தை வேறு ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினார்கள், ஆட்டம் முடிந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு இரவு நீண்டுகொண்டே போனது. நீங்கள் அந்த நேரத்தில் யாருக்காக அழுதீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அப்பாவுக்காக என்றால் அதை மனைவியிடம் சொல்லுங்கள். "பந்து விளையாட்டுக்குப் போய்" என்று அவ சொன்னது, இது தெரியாமல்தான். தெரிந்தால் சொல்லமாட்டா.

அப்பாவோடு பார்த்த அந்த 1993 இரவைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், இது உங்கள் ஞாபகத்தைக் குறைக்க இல்லை. ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கியபோது பிலடெல்பியா 6-5 என்று முன்னிலையில் இருந்தது. ஒரு அவுட், பேஸில் இரண்டு பேர், மிட்ச் வில்லியம்ஸ் எறிந்தார், கார்ட்டர் அடித்தார், 8-6. நீங்கள் பல்கனியில் நின்ற அதே நேரம் பிலடெல்பியாவில் ஏதோ ஒரு வீட்டில் ஒரு தகப்பனும் பிள்ளையும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நவம்பர் 1க்குப் பன்னிரண்டு நாள் முன்பு, சியாட்டிலுக்கு எதிரான கடைசி ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில் 3-1 என்று பின்னால் இருந்தபோது ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த ஹோம் ரன்னுக்கு நீங்களும் மகனும் துள்ளியிருப்பீர்கள். வேர்ல்ட் சீரிஸை ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத சியாட்டில், எட்டு அவுட் தூரத்தில் நின்றது அப்போது. கடைசி நேரத்தில் எதுவும் மாறலாம் என்பதுதான் உங்கள் குடும்பத்துக்கு இந்த ஆட்டம் கொடுத்த பெரிய சந்தோஷங்களின் ஊற்று. ஒன்பதாவது இன்னிங்ஸ் பத்திரமான ஒன்றாக இருந்திருந்தால் கார்ட்டரும் இல்லை, அந்தப் பல்கனியும் இல்லை.

மகனிடம் நேரே போய் மன்னிப்புக் கேளுங்கள். மாதக் கணக்காகிவிட்டதே, அவன் மறந்திருப்பான் என்று நினைக்கவேண்டாம், பத்து வயதுப் பிள்ளைகள் இதை மறப்பதில்லை. சுற்றிவளைக்காமல், "அண்டைக்கு நான் ரிமோட்டை எறிஞ்சதும் கத்தினதும் பிழை, நீ ஒண்டும் செய்யேல்லை, உனக்குப் பயமா இருந்திருக்கும்" என்று சொல்லுங்கள். "ஆனால்" என்று எதையும் பின்னால் சேர்க்காதீர்கள். நான் இதில் கண்டிப்பாக இருக்கக் காரணம் உண்டு. அமெரிக்கக் கால்பந்துத் தோல்விகளையும் பொலிஸ் பதிவுகளையும் வைத்து கார்ட், டால் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், வெல்லும் என்று எதிர்பார்த்த உள்ளூர் அணி தோற்ற நாட்களில் ஆண்கள் வீட்டுப் பெண்கள்மீது கைவைத்த சம்பவங்கள் சுமார் 10 சதவீதம் கூடின. தோற்கும் என்று எதிர்பார்த்துத் தோற்ற நாட்களில் அப்படிக் கூடவில்லை. எதிர்பார்ப்பு உடைகிற அந்த நேரம்தான் ஆபத்து. நீங்கள் யார்மீதும் கைவைக்கவில்லை, எறிந்தது சுவரில், எனக்குத் தெரியும். ஆனால் மாடிக்கு ஓடிய பிள்ளைக்கு, அடுத்தது எதில் படும் என்று தெரியாது.

இன்னொன்று. அவன் அழுதுகொண்டு மேலே போன பிறகுதான் அந்த ஒன்பதாவதின் கீழ்ப்பாதியும் பத்தாவதும் பதினோராவதும் நடந்தன. நிரம்பிய பேஸ்கள், அந்தப் பிடி, கெரேரோவின் டபிள், பேஸ்போல் வரலாற்றில் பேசப்படப்போகிற ஒரு மணித்தியாலம், அதை அவன் பார்க்கவில்லை. ஆகவே ஒரு ஞாயிறு பகலில், மன்னிப்புக் கேட்ட பிறகு, அவன் விரும்பினால் மட்டும், முழு ஆட்டத்தையும் முதல் பந்திலிருந்து இரண்டு பேருமாகப் பாருங்கள். ரோஹாஸின் இடம் வரும்போது நிறுத்தாமல் விடுங்கள், உங்கள் நெஞ்சு அடிக்கும், அடிக்கட்டும், கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். பிறகு மிச்சத்தையும் பார்த்து முடியுங்கள். துண்டு வீடியோ பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உடம்புக்கே விளங்கும், ஏனென்றால் இதற்கு ஒரு முடிவு இருக்கிறது.

பேஸ்போலை விடவேண்டாம். விட்டால் அந்தப் பந்துதான் உங்களுக்கும் மகனுக்கும் கடைசி ஆட்டமாக நிற்கும். ஆனால் பிரஷர் இருக்கிறவர் சில ஒழுங்குகளோடு பார்க்கவேண்டும். 2006 உலகக் கிண்ணத்தின்போது ஜெர்மனி விளையாடிய நாட்களில் மியூனிக் பகுதியில் இருதய அவசர நோயாளிகள் வழமையைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வந்தார்கள் என்று மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், ஏற்கனவே இருதய வருத்தம் உள்ளவர்களுக்குத்தான் கூடுதல் ஆபத்து. சீசன் தொடங்கும் முன் குடும்ப வைத்தியரிடம் போய் இந்தப் படபடப்பை அப்படியே சொல்லுங்கள், மாத்திரையின் அளவைப் பார்க்கட்டும். ஆட்ட நேரத்தில் பியரைக் குறையுங்கள். எட்டாவது இன்னிங்ஸ் முடிந்ததும் எழும்பித் தண்ணீர் குடியுங்கள், பிறகு வந்து மகனுக்குப் பக்கத்தில் இருங்கள், கையில் ஒன்றும் வைத்திருக்காதீர்கள். முன்னிலை எத்தனை ரன் என்றாலும், "வென்றாச்சு" என்று மட்டும் 27ஆவது அவுட்டுக்கு முன் அவனுக்குச் சொல்லவேண்டாம். ஆட்டம் பார்க்கும்போது நெஞ்சு இறுக்கமோ, இடது கை நோவோ, மூச்சு முட்டுவதோ வந்தால் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் 911ஐ அழையுங்கள். ஒரு மாதம் கழித்தும் நித்திரை வராவிட்டால் மறுபடி எழுதுங்கள், அல்லது வைத்தியரிடம் கேட்டு நேரில் ஓர் ஆலோசகரைப் பாருங்கள். ஸ்காபரோவில் தமிழில் கதைக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள், அப்பாவைப் பற்றி அவரவர் மொழியில் கதைப்பதுதான் லேசு.